மத நிறுவனப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கப் போகிறீர்களா? சேருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

இளநிலை உயிரியலை ஒரு மத நிறுவனம் நடத்தும் பல்கலைக்கழகத்தில் படிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காகவும், ஏற்கெனவே சேர்ந்துவிட்டு உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் படித்தது ஒரு கிறிஸ்தவச் சபை நடத்தும் பல்கலைக்கழகம். நல்ல மதிப்பெண்ணோடுதான் பட்டம் வாங்கினேன். அதற்குப் பிறகு மேற்படிப்புக்குப் போன இடத்தில் ஒரு முழு வருஷம் போனது, அந்த வருஷத்துக்கான கட்டணம் போனது, அதற்காக வாங்கிய கடனுக்கு வட்டியும் கட்டினேன். இதெல்லாம் சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய விஷயங்கள். என்ன கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மதத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நான் இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற ஆள்தான்.

சேர்வதற்கு முன் வந்த விளக்கப் புத்தகத்தில் கிரெகர் மெண்டலின் படம் பெரிதாக இருந்தது. அகஸ்தீனியத் துறவி, மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடி வளர்த்து, 1866இல் வெளியிட்ட கட்டுரையால் மரபியலுக்கே அடித்தளம் போட்டவர். விசுவாசமும் அறிவியலும் கைகோத்துப் போகும் இடம் எங்களுடையது என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. எனக்கும்தான். விலங்குகள் மேலும் செடிகள் மேலும் எனக்கு இருந்த ஆர்வம் பக்தியோடு சேர்ந்தே வளர்ந்தது. இரண்டும் ஒரே கட்டடத்தில் கிடைக்கிறது என்றால் வேறு எங்கே போவது?

முதல் வருஷம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வகுப்பில் கொஞ்சம் பேர்தான். ஆசிரியர்களுக்கு எங்கள் ஒவ்வொருவர் பெயரும் தெரியும். முனைவர் பட்ட மாணவர்கள் இல்லாததால் ஆய்வகக் கருவிகளை நாங்களே தொட்டு வேலை செய்தோம். பெரிய பல்கலைக்கழகங்களில் படித்த நண்பர்கள் கடைசி வருஷத்தில்தான் டிஎன்ஏவைப் பல மடங்காக நகலெடுக்கும் பிசிஆர் இயந்திரத்தைத் தொட்டார்கள். நான் இரண்டாவது செமஸ்டரிலேயே டிஎன்ஏ பிரித்தெடுத்து ஜெல்லில் ஓட்டிப் பார்த்திருந்தேன். உடற்கூறியல், செல் உயிரியல், உயிர்வேதியியல் மூன்றையும் அவ்வளவு கறாராகக் கற்றுக்கொடுத்தார்கள். மருத்துவம், நர்சிங், மருந்தியல் பக்கம் போன என் வகுப்புத் தோழர்களுக்கு அங்கே படித்ததால் எந்த நஷ்டமும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். இப்படிப்பட்ட பல பல்கலைக்கழகங்களில் உயிரியல் துறை மருத்துவத்துக்குப் போகிறவர்களை மனதில் வைத்தே அமைந்திருக்கும். நீங்கள் ஆராய்ச்சி, சூழலியல், மரபியல், உயிரினப் பாதுகாப்பு என்று போக நினைக்கிறவர் என்றால் மட்டும் கீழே வருவதை நிதானமாகப் படியுங்கள்.

சேர்க்கையின்போது கையெழுத்துப் போடச் சொல்லும் தாள்களில் மூன்று விஷயங்கள் இருக்கலாம். ஒன்று நடத்தை விதிகள்: உடை, விடுதி, மது, உறவுகள் பற்றியது. இன்னொன்று ஆராதனை வருகைப் பதிவு. வாரத்தில் இத்தனை முறை சேப்பலுக்கு வர வேண்டும், குறைந்தால் அபராதமோ, பட்டம் நிறுத்திவைப்போ உண்டு என்று இருக்கும். மூன்றாவது, கட்டாய இறையியல் பாடங்கள். நடத்தை விதிகளைத்தான் எல்லோரும் கூர்ந்து படிப்பார்கள், வீட்டிலும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது மூன்றாவதை. இறையியல் பாடங்கள் பிடித்தனவா இல்லையா என்பது வேறு பேச்சு. எனக்கு அதில் ஒன்றிரண்டு ரொம்பவே பிடித்தன. பிரச்சினை கிரெடிட் கணக்கில். விருப்பப் பாடங்களுக்கான இடத்தைத்தான் அவை எடுத்துக்கொள்ளும். மற்ற இடங்களில் உயிரியல் மாணவர் புள்ளியியலையோ கணினி நிரலையோ சூழலியல் களப் பயிற்சியையோ வைத்து நிரப்பும் இடத்தில் எங்களுக்கு வேதாகமப் பாடங்கள் இருந்தன. புள்ளியியலை நான் கோடை விடுமுறையில், தனிக் கட்டணம் கட்டிப் படித்தேன். அதுதான் முதல் செலவு. சேருவதற்கு முன்பே ஒரு தாளை எடுத்து, எல்லா செமஸ்டர்களையும் கட்டம் போட்டு, கட்டாயப் பாடங்களை முதலில் நிரப்பிப் பாருங்கள். கடைசியில் எத்தனை கட்டம் காலியாக இருக்கிறது என்பதுதான் உங்களுக்கு உண்மையாகக் கிடைக்கும் சுதந்திரம்.

இரண்டாம் வருஷத்தில் மரபியல் வந்தது. மெண்டலில் தொடங்கினோம், விளக்கப் புத்தகத்தில் பார்த்த அதே முகம். அங்கிருந்து குரோமோசோம், டிஎன்ஏ, புரதத் தயாரிப்பு, மரபணுப் பொறியியல் என்று நேராகப் போய்விட்டோம். நடுவில் ஒரு பெரிய துண்டு காணவில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. எந்தத் தாக்கமும் இல்லாத பெரிய இனக்கூட்டத்தில் மரபணு வடிவங்களின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறாது என்று 1908இல் ஹார்டியும் வைன்பெர்க்கும் தனித்தனியாகக் காட்டிய சமநிலை, அப்புறம் 1920களிலும் 30களிலும் ஃபிஷர், ஹால்டேன், சியூவல் ரைட் மூவரும் மெண்டலின் விதிகளையும் டார்வினின் இயற்கைத் தேர்வையும் கணக்கால் இணைத்தது, இதெல்லாம் எங்கள் பாடத்திட்டத்திலேயே இல்லை. ஒரு இனக்கூட்டம் முழுவதிலும் மரபணுக்கள் தலைமுறைதோறும் எப்படி மாறுகின்றன என்று பார்க்கும் இந்தத் துறைக்கு பாப்புலேஷன் ஜெனடிக்ஸ் என்று பெயர். அந்தப் பெயரையே நான் பட்டம் வாங்கும் நேரத்தில்தான் ஒழுங்காகக் கேள்விப்பட்டேன்.

இதில் சிக்கல் என்னவென்றால், யாரும் பொய் சொல்லித்தரவில்லை. நுண்ணுயிரியல் வகுப்பில் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பைப் பற்றி அருமையாக நடத்தினார்கள். 1943இல் லூரியாவும் டெல்புரூக்கும் செய்த சோதனையைக்கூடச் சொன்னார்கள். பாக்டீரியாவின் மரபணு மாற்றம், வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே தற்செயலாக நடந்துவிடுகிறது என்று காட்டிய சோதனை அது. ஆனால் 'பரிணாமம்' என்ற சொல் வர வேண்டிய இடத்திலெல்லாம் 'தகவமைப்பு' என்று வரும். கலபகோஸ் தீவில் 1977 வறட்சிக்குப் பிறகு ஃபின்ச் பறவைகளின் அலகு சராசரியாகப் பெரிதானதை உயிரியலாளர்களான கிராண்ட் தம்பதியர் அளந்து காட்டியதையும் சொன்னார்கள். 'வகைக்குள் நடக்கும் சிறு மாற்றம்' என்று அதற்கு ஒரு எல்லை போட்டு நிறுத்திக்கொண்டார்கள். தவறாகச் சொல்லித்தந்திருந்தால் வேறு எங்காவது படிக்கும்போது இடித்திருக்கும், நானும் விழித்திருப்பேன். விட்டுப்போனது எப்படி இடிக்கும்? என் கையில் நல்ல மதிப்பெண் இருந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

முதல் உறுத்தல் உயிர்வேதியியல் வகுப்பில் வந்தது. வைட்டமின் சி. பெரும்பாலான பாலூட்டிகள் அதைத் தங்கள் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்கின்றன, மனிதனால் முடியாது, கடைசிப் படிக்கு வேண்டிய நொதியின் மரபணு நம்மிடம் பழுதாகிக் கிடக்கிறது என்று ஆசிரியை சொன்னார். நான் சாதாரணமாகத்தான் கேட்டேன்: "மேடம், அந்தப் பழுதான மரபணு எதுக்கு இன்னும் நம்ம உடம்புல இருக்கு?" வகுப்பில் ஒரு விநாடி யாரும் அசையவில்லை. "நல்ல கேள்வி. அப்புறமா என் அறைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்.

அறைக்குப் போனதும் கதவைச் சாத்தினார். குரங்குகளுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் அதே மரபணு பழுதாகியிருப்பதை எடுத்துக் காட்டினார். மனிதனின் 46 குரோமோசோம்களையும் சிம்பன்சியின் 48ஐயும் பக்கத்தில் வைத்து, நமது இரண்டாவது குரோமோசோம் இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக்கொண்டதால் வந்தது என்பதற்கான அடையாளங்கள் எங்கே இருக்கின்றன என்று விளக்கினார். எனக்குத் தலை சுற்றியது. பாதி வியப்பு, பாதி பயம். "இதை ஏன் மேடம் வகுப்புல சொல்லல?" என்றேன். "நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்ப்பா. மாணவர்கள் போடுற தாளை விட ஆசிரியர்கள் போடுற தாள் நீளம்" என்றார். ஆசிரியர்கள் ஒவ்வொரு வருஷமும் ஒரு விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும், உயிரினங்களின் தோற்றம் பற்றி அதில் ஒரு பத்தி உண்டு, அதற்கு மாறாக வகுப்பில் பேசினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகவே, சேரும் முன் நீங்கள் வாங்கிப் படிக்க வேண்டிய தாள் மாணவர்களுக்கானது அல்ல, ஆசிரியர்களுக்கானது. பல நிறுவனங்கள் அதை வெளிப்படையாகவே வைத்திருக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கடவுள் உலகைப் படைத்தார் என்ற அளவில் பொதுவாக இருந்தால் உயிரியலுக்குப் பெரிய இடைஞ்சல் வராது. பூமியின் வயது, ஆறே நாளில் நடந்த படைப்பு, மனிதனுக்கும் பிற உயிரினங்களுக்கும் உறவே இல்லை என்று இறங்கி எழுதியிருந்தால், அந்தப் பத்தி எந்தெந்தப் பாடத்தில் கை வைக்கும் என்று நீங்களே யோசித்துப் பார்க்கலாம். ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தத் தாளைத் தாண்டி வகுப்பில் பேச முடியாது.

மூன்றாம் வருஷம் தோற்றம் பற்றிய ஒரு கட்டாயப் பாடம் இருந்தது. படைப்பு, பரிணாமம் என்று இரண்டு 'மாதிரிகள்' சம அளவில் வைக்கப்படும், இரண்டாவதை விமர்சித்து எழுத வேண்டும். தேர்வில் என்ன எழுதுவது என்று எனக்குத் தூக்கமே போனது. நம்பாததை எழுதினால் பொய், நம்புவதை எழுதினால் மதிப்பெண் போகும், மதிப்பெண் போனால் உதவித்தொகை போகும். எங்களுக்கு முந்தின செட் அக்கா ஒருவர் சொன்ன வழி கைகொடுத்தது: "எல்லா விடையையும் 'இந்த மாதிரியின்படி'ன்னு தொடங்கு. அவங்க என்ன சொல்றாங்கன்னுதான் கேள்வி, நீ என்ன நினைக்கறேன்னு இல்ல." கேள்வித்தாளைப் பார்த்தால் அது சரிதான். ஒரு கருத்தை நேர்மையாக எடுத்துச் சொல்வது அதை ஏற்றுக்கொள்வது ஆகாது. உங்கள் சொந்தக் கருத்தையே எழுதச் சொல்லும் கேள்வி வந்தால் அது வேறு. அங்கே நான் தெரிந்த சான்றுகளை எழுதி, 'இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்று முடித்தேன். மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது, ஆனால் எழுதியதில் பொய் எதுவும் இல்லை.

இந்தக் காலத்தில் பேச ஆள் இல்லாததுதான் மற்ற எல்லாவற்றையும் விடக் கஷ்டம். வீட்டில் வாயைத் திறந்தால் அம்மா அழுவார், விசுவாசம் போய்விட்டது என்று பயப்படுவார். வெளியே படிக்கும் நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்: "அங்க போய்ச் சேர்ந்ததே நீதானே?" ஜெப வேளையில் கண்ணை மூடினால் குரோமோசோம் படம் வரும், ஆய்வகத்தில் நின்றால் குற்ற உணர்வு வரும். என் வகுப்பில் ஒருவன் இதே குழப்பத்தில் உயிரியலை விட்டுக் கணக்கியலுக்கு மாறினான். இன்னொருத்தி சபையையே விட்டாள். யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளவில்லை. கடைசி செமஸ்டரில்தான், அடேய் நீயும் இப்படித்தான் இருந்தியா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்.

அப்போது எனக்கு ஒரு நாலு பெயர்கள் தெரிந்திருந்தால்கூடப் போதும். இயற்கைத் தேர்வைக் கணக்கில் வடித்த ஃபிஷர் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். பரிணாமம் இல்லாமல் உயிரியலே புரியாது என்று வாழ்நாளெல்லாம் வாதாடிய தியோடோசியஸ் டோப்ஷான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். 2003இல் முடிந்த மனித மரபணுத் தொகுதித் திட்டத்தை வழிநடத்திய ஃபிரான்சிஸ் காலின்ஸ் வெளிப்படையான விசுவாசி. டார்வினின் கருத்துகளை அமெரிக்காவில் முன்னின்று ஆதரித்த தாவரவியலாளர் ஏசா கிரே, டார்வினோடு கடிதத்தில் இறையியலும் பேசியவர். இவர்கள் எல்லோரும் ஒரே பதிலுக்கு வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கேள்வியோடு வாழ்ந்த முதல் ஆள் நான் இல்லை என்பது தெரிந்திருந்தால் அந்த ராத்திரிகள் கொஞ்சம் சுருக்கமாக இருந்திருக்கும்.

கடைசி வருஷம் தொடங்கும்போது அந்த ஆசிரியை போய்விட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லையா, அவராகவே போனாரா, எங்களுக்குச் சொல்லவில்லை. என் ஆய்வுத் திட்டம் அவரிடம் இருந்தது, ஒரே மரபணுவைப் பல பாலூட்டிகளில் ஒப்பிடும் வேலை. புதிய வழிகாட்டி நல்ல மனிதர், ஆனால் அவர் துறை வேறு. தலைப்பை மாற்றச் சொன்னார். பல மாதங்கள் சேர்த்த தரவைத் தூக்கிவைத்துவிட்டு, தாவரச் சாற்றின் கிருமி எதிர்ப்புத் திறன் என்ற, ஆயிரம் பேர் செய்த தலைப்பை அவசரமாக முடித்தேன். துறையில் ஆசிரியர்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று சேரும் முன் பார்ப்பது அதனால்தான் முக்கியம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தால் ஏதோ காரணம் இருக்கும்.

அப்புறம் மேற்படிப்பு நேர்காணல். பரிணாம மரபியல் ஆய்வு நடக்கும் ஒரு துறை. மதிப்பெண்ணைப் பார்த்து முகம் மலர்ந்துதான் ஆரம்பித்தார்கள். ஒருவர் கேட்டார்: "ஒரு சின்ன இனக்கூட்டத்தில் இயற்கைத் தேர்வே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லீல்களின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுமா?" (அல்லீல் என்பது ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களில் ஒன்று.) மாறாது என்றேன். மாறும். யாருக்கு எத்தனை பிள்ளைகள், எந்த அல்லீல் போய்ச் சேர்கிறது என்பதில் தற்செயல் இருக்கிறது. கூட்டம் சின்னதாக இருந்தால் அந்தத் தற்செயலே போதும். ஜெனடிக் டிரிஃப்ட் என்று அதற்குப் பெயர், முதல் வாரப் பாடம். அடுத்து, உயிரினங்கள் எப்படிக் கிளை பிரிந்தன என்று காட்டும் ஒரு பரிணாம மரத்தின் படத்தைக் காட்டி, இந்த மூன்று உயிரினங்களில் எந்த இரண்டு நெருங்கிய உறவு என்றார்கள். நுனியில் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருந்த இரண்டைச் சொன்னேன். கிளைகள் எங்கே பிரிகின்றன என்று பார்க்க வேண்டும், நுனிகளின் வரிசைக்குப் பொருளே இல்லை. அவர்கள் கேலி செய்யவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நடுப்படிகள் இல்லாத மாடியின் உச்சியில் நின்றுகொண்டு எப்படி இறங்குவது என்று தெரியாத நிலைமை எனக்கு.

இடம் கிடைத்தது, ஆனால் நிபந்தனையோடு. பரிணாம உயிரியலும் பாப்புலேஷன் ஜெனடிக்ஸும் படித்துத் தேறிவிட்டு வர வேண்டும். ஒரு பாடம் ஒரு செமஸ்டரில்தான் நடக்கும், மற்றது அதற்கு அடுத்த செமஸ்டரில், முதலாவதை முடிக்காமல் இரண்டாவதில் உட்கார முடியாது. இரண்டே பாடத்துக்காக ஒரு வருஷம் முழுக்கப் போனது இப்படித்தான். அந்த வருஷத்துக்கு உதவித்தொகையும் இல்லை, நான் இன்னும் முறையான மாணவன் இல்லையாம். வீட்டில் கடன் வாங்கினோம். அப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, "இத்தனை வருஷமா அங்க என்னதான் சொல்லித் தந்தாங்க?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த மாதிரி நிபந்தனை உங்களுக்கு வந்தால் உடனே தலையாட்டாதீர்கள். அந்தப் பாடங்களை முறையான படிப்போடு சேர்த்தே படிக்க முடியுமா, கோடையில் வேறு இடத்தில் படித்தால் ஏற்பார்களா, தேர்வு மட்டும் எழுதித் தேற வழி உண்டா என்று மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எனக்குப் பின்னால் வந்த ஒருவர் மூன்றாவதைக் கேட்டு, தானே படித்துத் தேர்வெழுதி, ஒரு வருஷத்தை மிச்சப்படுத்தினார். எனக்கு அப்படிக் கேட்கலாம் என்றே தோன்றவில்லை. இடம் கிடைத்ததே பெரிது என்று இருந்தேன்.

அந்த வருஷம் கசப்பாக மட்டும் இருந்தது என்று சொன்னால் அது உண்மை இல்லை. ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற அமெரிக்க உயிரியலாளரின் சோதனையைப் பற்றிக் கேட்ட வகுப்பு இன்றும் நினைவில் இருக்கிறது. 1988இல் 12 குடுவைகளில் ஈ. கோலை பாக்டீரியாவை வளர்க்கத் தொடங்கினார்கள், நாள்தோறும் கொஞ்சம் எடுத்துப் புதுக் கரைசலுக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள். இடையிடையே உறையவைத்து எடுத்துவைத்த மாதிரிகளும் உண்டு. ஏறக்குறைய 31,500 தலைமுறைகள் கழிந்த நேரத்தில் ஒரே ஒரு குடுவையில், ஆக்சிஜன் இருக்கும்போதே சிட்ரேட்டைத் தின்று வளரும் திறன் வந்தது, ஈ. கோலைக்கு வழக்கமாக அது முடியாது. பழைய மாதிரிகளை உருக்கி மறுபடி வளர்த்து, அது எப்படி வந்தது என்று தேடினார்கள். பல்கலைக்கழகத்தில் நான் மணிக்கணக்காக ஈ. கோலை வளர்த்திருக்கிறேன். இதே பாக்டீரியா, இதே கரைசல். இந்தக் கதையை அன்றே கேட்டிருந்தால் எவ்வளவு ஆசையாக அந்தக் குடுவைகளைப் பார்த்திருப்பேன் என்று கோபம் வந்தது. போன பணத்தை விட இந்தக் கோபம்தான் ரொம்ப நாள் இருந்தது.

மத நிறுவனம் என்றாலே இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வருஷத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். அவளுக்குப் பரிணாமம் கட்டாயப் பாடம், நடத்தியவர் ஒரு குருவானவர். கத்தோலிக்கத் திருச்சபையில் 1950இலேயே போப் பன்னிரண்டாம் பயஸ், மனித உடலின் பரிணாமத்தை ஆராய்வதற்குத் தடையில்லை என்று எழுதிவிட்டார். 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், அது வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். அவளிடம் நான் என் பாட்டைச் சொன்னபோது நம்பவே இல்லை. அவள் பல்கலைக்கழகத்தில் சிக்கல் வேறு பக்கம்: இனப்பெருக்க உயிரியலையும் கருக் குருத்தணு ஆய்வையும் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போனார்களாம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கை வைக்கக் கூசும் இடம் ஒன்று இருக்கும். நீங்கள் போக நினைக்கும் துறை அந்த இடத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க வளாகத்தைச் சுற்றிப் பார்ப்பதோ முதல்வரோடு பேசுவதோ உதவாது. மரபியல், சூழலியல், இருந்தால் பரிணாமம், இந்தப் பாடங்களின் வார வாரியான சிலபஸைத் துறைக்கு எழுதிக் கேளுங்கள். பாடத்தின் பெயரும் இரண்டு வரி விளக்கமும் போதாது, எந்த வாரத்தில் என்ன, எந்தப் பாடநூலில் எந்த அத்தியாயங்கள் என்று வேண்டும். பாடநூல் எங்கும் ஒன்றாகத்தான் இருக்கும். எங்களுடையதும் எல்லோரும் படிக்கிற நூல்தான், அதன் நடுப்பகுதி முழுக்கப் பரிணாமம். அந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்துவிட்டோம். அத்தியாய எண்களைப் பாருங்கள், எங்கே குதிக்கிறார்கள் என்று அதிலேயே தெரியும். கூடவே, கடந்த சில வருஷங்களில் மருத்துவப் படிப்புகள் தவிர்த்து ஆராய்ச்சிப் படிப்புக்குப் போன பழைய மாணவர் ஒருவரோடாவது பேசவைக்க முடியுமா என்று கேளுங்கள். ஒருவரையும் காட்ட முடியவில்லை என்றால் அதுவே ஒரு பதில். பேசக் கிடைத்தால், போன இடத்தில் கூடுதல் பாடம் படிக்கவேண்டி வந்ததா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு: நடுவில் விட்டுவிட்டு வேறு இடம் போவது எல்லோருக்கும் நல்லது என்று நான் நினைக்கவில்லை. இறையியல் கிரெடிட்டுகளை வேறு பல்கலைக்கழகம் ஏற்காமல் போகலாம், அப்போது நஷ்டம் இன்னும் கூடும். அங்கேயே இருந்து விட்டுப்போனதை நீங்களே படித்துக்கொள்ள முடியும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி தொல்லுயிரியல் அருங்காட்சியகம் பரிணாமத்தை அடிப்படையிலிருந்து விளக்கும் இணையப் பக்கங்களை இலவசமாக வைத்திருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் அறிமுக உயிரியல், மரபியல் வகுப்புகளை இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. பரிணாம மரத்தை வாசிப்பது, ஹார்டி-வைன்பெர்க் கணக்கு, டிரிஃப்ட், தேர்வு, இந்த நாலும் கைவந்தாலே நேர்காணலில் நான் பட்டது உங்களுக்கு வராது. அதோடு, ஒரு கோடையாவது வெளி ஆய்வகத்தில் பயிற்சிக்குப் போய்விடுங்கள். அங்கே மதிய இடைவேளையில் சும்மா பேசிக்கொண்டிருக்கும்போதே உங்களுக்கு எது தெரியவில்லை என்று தெரிந்துவிடும், அதற்கு யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

நேர்காணலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்ததும் சிலருக்குப் புருவம் உயரும். படித்த இடத்தைத் திட்டிப் பெயர் வாங்க வேண்டாம். கேட்பவர்களுக்கு அது பிடிக்காது, உங்களுக்கும் பிறகு கூசும். 'பாடத்திட்டத்தில் இது இல்லை, நானாக இன்னின்னது படித்தேன்' என்று சொன்னால் போதும். பரிந்துரைக் கடிதத்துக்கு, வெளி ஆய்வகத்தில் உங்களைப் பார்த்த ஒருவரும் இருந்தால் நல்லது. உங்கள் துறையில் உங்களை நன்றாக அறிந்த ஆசிரியர் போகப் போகிறார் என்று காதில் விழுந்தால், அவர் போவதற்கு முன்பே கடிதம் கேட்டுவிடுங்கள், அவருடைய சொந்த மின்னஞ்சலையும் வாங்கிவையுங்கள். என் ஆசிரியையின் பல்கலைக்கழக முகவரியை அவர் போனதுமே முடக்கிவிட்டார்கள். அவரைக் கண்டுபிடித்துக் கடிதம் வாங்கி அனுப்பியபோது விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு ஒரு நாள்தான் பாக்கி இருந்தது.